இடது பின்கதவு

ஹாஜா மைதீன் 2009 பிப்ரவரியில் இறந்தார். வயது ஐம்பது. நுரையீரல்.

நான்கு வருடத்துக்கு முன்பே டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டிச் சொல்லியிருந்தார்: "பட்டி தேய்க்கிற தூள், பெயின்ட் புகை, ரெண்டும் உங்களுக்கு இனிமே ஆகாது பாய். ஷெட்டை விட்டீங்கன்னா இன்னும் இருபது வருஷம் ஓடும். விடலேன்னா அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

ஷெட் இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அங்கே டிங்கரிங் வேலை. இடித்துக்கொண்டு வரும் வண்டிகளின் நசுங்கலைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் அடித்துக் கொடுப்பார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். வேறு வேலை தெரியாது. இரவில் மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தால்தான் மூச்சு ஒழுங்காக வரும். மல்லாந்து படுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அப்போதுதான் தனசிங் வந்தார். ஷெட்டுக்குப் பழைய வாடிக்கையாளர். சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டைத் தாண்டி இருந்த ஒரு கார் தொழிற்சாலையில் சூப்பர்வைசர்.

"பாய், எங்க கம்பெனியில தகடு தடவிப் பாக்க ஆள் தேடுறாங்க. பெயின்டுக்குப் போறதுக்கு முன்னாடி வெறும் பாடி வரும். எங்கயாவது நசுங்கி டென்ட் இருந்தா கண்டுபிடிச்சுத் தட்டி எடுக்கணும். பட்டி கிடையாது, தூள் கிடையாது. வர்றீங்களா?"

"எனக்கு நாப்பத்தாறு ஆவுது சார். என்னைப் போயி எவன் எடுப்பான்?"

"ஐ.டி.ஐ. முடிச்ச பசங்க எட்டு பேரைப் பாத்தாச்சு. கண்ணு இருக்கு, கை இல்ல. சும்மா வந்துதான் பாருங்களேன்."

விண்ணப்பத்தை மகன் ஃபயாஸ் நிரப்பினான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். கல்வித் தகுதிக்கான கட்டம் பாதி காலியாகக் கிடந்தது.

"பரவால்ல அத்தா, அனுபவம்னு கீழ ஒரு கட்டம் போட்டிருக்கான். அதுல இடம் பத்தாம எழுதிடலாம்" என்றான்.

தொழிற்சாலையில் ஒரு கதவைச் சட்டத்தில் மாட்டி வைத்திருந்தார்கள். தர மேலாளர் யக்ஞநாராயணன் ஒரு பருத்திக் கையுறையை நீட்டினார். "இதுல அஞ்சு டென்ட் இருக்கு. எங்கேன்னு சொல்லுங்க." ஹாஜா மைதீன் கையை விரித்து மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வந்தார். நான்கைச் சொன்னார். அவர்கள் குறித்து வைக்காத இன்னொன்றையும் சொன்னார். ஐந்தாவதை விட்டுவிட்டார்.

"ஒண்ணை விட்டுட்டீங்களே."

"ஆமா சார், உட்டுட்டேன்."

அந்தப் பதிலுக்காகத்தான் வேலை கிடைத்தது என்று தனசிங் பிறகு சொன்னார். மற்றவர்களெல்லாம் வெளிச்சம் சரியில்லை, கையுறை தடிப்பு என்றார்களாம். ஆறு மாதம் ஒப்பந்தம். அதில் குறை வராவிட்டால் வயதைப் பார்க்காமல் நிரந்தரம் செய்வதாக யக்ஞநாராயணன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஷெட்டைப் பூட்டினார். தாம்பரத்தில் காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ். முதல் மாதம் முடிவதற்குள் தலையணை இரண்டாயிற்று. மூன்றாம் மாதம் ஒன்று. மனைவி சாஜிதா அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயந்தாள்.

வேலை மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி. தனசிங் சொல்லிக் கொடுத்த வரிசை இதுதான்: நசுங்கல் தட்டுப்பட்டால் முதலில் மெழுகுக் குச்சியால் வட்டம் போட வேண்டும். பிறகு எந்தக் கதவு, எந்த இடம் என்று தாளில் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் சுத்தியல்.

ஹாஜா மைதீனின் கை வரிசையைக் கேட்கவில்லை. நசுங்கலைத் தொட்டதுமே சுத்தியலுக்குப் போனது. தட்டி முடித்துத் தடவினால் தகடு வழவழவென்று இருந்தது. வட்டம் போட ஒன்றும் இல்லை, எழுதவும் இல்லை. ஷெட்டில் வண்டிக்காரர் வரும்போது நசுங்கல் கண்ணில் படக் கூடாது. பட்டால் மானம் போய்விடும். இங்கே அதைத் தாளில் எழுதிக் கீழே தன் டோக்கன் நம்பரையும் போடச் சொன்னார்கள். தன்மேல் தானே புகார் எழுதிக் கொடுப்பதுபோல் இருந்தது. ஆங்கில எழுத்துகளைத் தேடித் தேடி எழுதுவதற்குள் அடுத்த வண்டி வந்து நின்றது. தாளின் அடியில் ஒரு பூஜ்யம் போடுவது எளிதாக இருந்தது.

அறிவிப்புப் பலகையில் காலை ஷிஃப்டுக்கு நேரே தினமும் பச்சைப் பொட்டு வைத்தார்கள்.

மதிய ஷிஃப்டில் அதே இடத்தில் நின்றவன் பரணி. கோவளத்து மீனவர் பாலகுருவின் மகன், இருபத்து மூன்று வயது. அவனுக்கும் ஆறு மாத ஒப்பந்தம்தான். ஷிஃப்டு மாறும்போது லாக்கர் பெஞ்சில் இருவரும் பத்து நிமிடம் உட்காருவார்கள்.

"இன்னா பாய், மந்திரம் கிந்திரம் போட்டுகினு கீறியா? உன் ஷிஃப்ட்ல ஒண்ணுகூட இல்ல. நான் வந்தா மட்டும் தகட்டுக்கு அம்மை போட்டுக்குது."

"வலை இழுத்த கைடா உன்து. தகடு பயப்படுது."

"எங்க நைனா கைய நீ பாத்ததில்ல. அது வந்து தடவிச்சுன்னா டென்ட்டோட கதவும் சேந்து வந்துரும்."

நான்காம் மாதம் இடது பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு சிறு பரு வர ஆரம்பித்தது. முதலில் நாளைக்கு மூன்று, நான்கு வண்டியில். பிறகு பத்து. ஹாஜா மைதீன் ஒவ்வொன்றையும் அரை நிமிடத்தில் அமுக்கி எடுத்தார். பரணி வட்டம் போட்டான், எழுதினான், பிறகு தட்டினான். அவன் தாளில் பதினொன்று, பதினான்கு, பத்தொன்பது என்று ஏறியது. காலைத் தாளில் பூஜ்யம்.

காலையில் இல்லாத பரு மதியத்தில் எப்படி வரும்? பரணிதான் கதவைக் கையாளும்போது எங்கேயோ இடிக்கிறான் என்று முடிவு செய்தார்கள்.

அன்றைக்குப் பெஞ்சில் அவன் கிண்டல் பேசவில்லை. "மெமோ குடுத்துட்டானுங்க பாய். சனிக்கெழமை விசாரிக்கிறாங்களாம். இன்னொண்ணு குடுத்தா வூட்டுக்குத்தான். நைனாகிட்ட இன்னும் சொல்லல."

மஃரிபு தொழுகைக்குப் பிறகு சாப்பிட உட்கார்ந்தபோது ஹாஜா மைதீன் இதை வீட்டில் சொன்னார். "பாவம், நல்ல பையன். கை இன்னும் பக்குவப்படல."

ஃபயாஸ் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "அத்தா, காலைல வர்ற கதவும் மத்தியானம் வர்ற கதவும் ஒரே அச்சுல அடிச்சதுதானே?"

"ஆமா."

"அப்ப உங்களுக்கும் வரணுமே."

"வருது. எடுத்துடறேன்."

"எழுதறீங்களா?"

"எடுத்த அப்புறம் எழுத இன்னாடா கீது?"

"அச்சுல ஏதோ ஒட்டிட்டு இருக்கு அத்தா. தொடச்சா போயிடும். ரெண்டு ஷிஃப்ட்லயும் இருக்குன்னு தெரிஞ்சா அச்சைத் தெறந்து பாப்பாங்க. நீங்க ஜீரோ போடறதாலதான் தப்பு பரணிகிட்டன்னு நினைக்கிறாங்க."

சாஜிதா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "சும்மா இருடா ஃபயாஸ். இன்னும் ஏழு வாரம்தான். உங்க அத்தா இப்பதான் நல்லாத் தூங்கறாரு."

ஃபயாஸ் சொன்னது சரி. அது சரி என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. பத்தொன்பது வயதில் சரியாக இருப்பது சந்தோஷமாகக்கூட இருக்கும்.

மறுநாள் ஹாஜா மைதீன் வட்டம் போட்டு எழுதினார். பதினேழு வந்தது. காலை ஷிஃப்டிலும் இப்போது கெட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பரணியின் மெமோ அப்படியே இருந்தது. பழைய பூஜ்யங்களும் கோப்பில் அப்படியே இருந்தன. வெள்ளிக்கிழமை ஷிஃப்டு முடிந்ததும் அவர் யக்ஞநாராயணன் அறைக்குப் போனார்.

"சார், அந்தப் பையன் மேல தப்பு இல்ல. எனக்கும் மூணு வாரமா வந்துகினுதான் இருந்துச்சு. எழுதாமத் தட்டிட்டேன்."

அச்சைத் திறந்தார்கள். அரிசியில் பாதி அளவு உலோகத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. துடைத்து மூட இருபது நிமிடம்.

யக்ஞநாராயணன் கோபப்படவில்லை. "ரெக்கார்ட் இல்லாத ரிப்பேரோட இருநூறு வண்டிக்கு மேல பெயின்ட் ஆகி வெளிய போயிருக்கு பாய். அதெல்லாம் எந்தெந்த வண்டின்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"இதுக்கு மேல உங்களை வேலையில வச்சுக்க நான் கையெழுத்துப் போட முடியாது."

தனசிங் கேட் வரைக்கும் கூட வந்தார். "ஒரு வார்த்தை முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே பாய்" என்று இரண்டு தடவை சொன்னார். பரணி நிரந்தரமானான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வஞ்சிர மீனைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

மூன்று மாதம் கூடுவாஞ்சேரியில் ஒரு மனைப்பிரிவுக்குக் காவல் இருந்தார். மனைகள் விற்றதும் காவலுக்கு ஆள் வேண்டாம் என்றார்கள். வேறு இரண்டு தொழிற்சாலைகளில் வயதைக் கேட்டு அனுப்பிவிட்டார்கள். ரமலான் முடிந்த வாரம் ஷெட்டைத் திறந்தார். மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு பட்டி தேய்த்தார். குளிர்காலத்தில் தலையணை மறுபடி இரண்டாயிற்று, பிறகு மூன்று. மூன்றாவதை அடுக்கிய அன்று சாஜிதா மகனோடு பேசவில்லை. ஏன் என்று அவன் கேட்கவும் இல்லை.

2009 ஜனவரியில் ஹாஜா மைதீனைத் தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஃபயாஸுக்கு அப்போது வேலை கிடைத்திருந்தது. கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப் பிரிவு. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சீருடையோடு வந்தான். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அன்னைக்கு நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம் அத்தா."

பதில் சொல்ல மூச்சைச் சேர்க்க வேண்டியிருந்தது. மகனின் முகத்தைப் பார்த்தார். இல்லைடா என்று சொன்னால் அவன் நம்பமாட்டான் என்று பட்டது.

"இருந்திருக்கலாம்" என்றார்.

ஃபயாஸ் தலை குனிந்துகொண்டான்.

"பரணிய அனுப்பிட்டா அப்புறம் அந்தப் பெஞ்சுல நான் யார்கூட உக்காருறது?" என்றார். இருமல் வந்தது. நின்றது. "முடியல ஃபயாஸ். நிமித்தி உக்கார வை."

தலையணைகள் போதவில்லை. ஃபயாஸ் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி, அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் முதுகைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டான். அப்படி இருந்தால் கொஞ்சம் மூச்சு வந்தது. அவன் சட்டைப்பைப் பித்தான் முதுகில் குத்தியது. ஹாஜா மைதீன் சொல்லவில்லை. சொன்னால் அவன் நகர்வான்.

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று வார்டு ஆயா பேபி வந்து சொன்னாள். இரண்டாவது முறையும் வந்து, வாசலில் நின்றபடி, "எறங்குப்பா, டாக்டர் சார் பாத்தாருன்னா என்னைத்தான் கேப்பாரு" என்றாள். அவன் இறங்கவில்லை. மூன்றாவது முறை அவள் வரவில்லை.