பானெட்டில் வைத்த பொட்டு

எங்கள் கறுப்பு அம்பாசடரின் பானெட்டில் ஏழு வட்டங்கள் இருந்தன. நடு வெளிறி, ஓரம் மட்டும் சிவந்த வட்டங்கள். உத்திரமேரூர் கடைத்தெருவில் வண்டி நின்றால் யாராவது கேட்பார்கள்: "இன்னாப்பா, காருக்கு அம்மை போட்டுக்கினு கீதா?"

நைனா அந்தக் காரைக் கல்யாணங்களுக்கு விடுவார். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து இறங்கியதும் ஆரத்தி எடுப்பார்கள். அவர்கள் நெற்றியில் வைத்த கையோடு காருக்கும் ஒரு பொட்டு விழும். டிரைவர் அண்ணன் அதை அன்று துடைக்க மாட்டார், மங்களம் போய்விடுமாம். மறுநாள் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் தேய்ப்பார். அரை நாள் மினுங்கும். பிறகு வாலாஜாபாத் ரோட்டுப் புழுதி முழுவதும் அந்த எண்ணெயில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை உத்தரவுக்காக வீட்டில் காத்திருந்தேன். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்துதான் ஆரத்தி சிவக்கிறது. சுண்ணாம்பு காரம், காரம் எனாமல் பூச்சை அரிக்கும். இதைச் சொன்னபோது நைனா சிரித்தார். முழுவதும் புது பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார். கம்பெனியில் சூட்டில் வைத்து இறுக்கிய பூச்சின் மேல் ஷெட்டில் அடிக்கிற பூச்சு இரண்டு மழைக்குத் தாங்காது, ஒரு மாதம் என்னிடம் விடுங்கள் என்றேன்.

"வுட்டேன். அடுத்த கல்யாணத்துக்குப் போய் வரச்சொல்ல புச்சா ஒரு வட்டம் இருந்தா வண்டி பெயிண்டர்கிட்ட போவும். நீ துணிய டிரைவர்கிட்ட குடுத்துட்டு வூட்டு வேலையப் பாரு."

அன்றே ஒரு தாளில் எழுதி ஷெட் சுவரில் ஒட்டினேன். வெயிலில் கழுவக் கூடாது. முதலில் வெறும் தண்ணீர், கூரையிலிருந்து கீழே. இரண்டு வாளி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றது துணி அலச மட்டும். தரையில் விழுந்த துணி அன்றைக்குக் காரைத் தொடக் கூடாது. மண்ணெண்ணெய் கூடாது. வைக்கோல் கூடாது.

கடைசி வரி டிரைவர் அண்ணனுக்காக. ஏரியில் மாட்டைத் தேய்க்கிற மாதிரி, வைக்கோலைச் சுருட்டித்தான் அவர் காரையும் தேய்ப்பார்.

"மாட்டுக்கே வலிக்கல, இரும்புக்கு வலிக்குமா பாப்பா?"

"மாட்டுக்குத் தோலு வளரும்ணா. இதுக்கு வளராது."

பழைய பனியன் துணியும் பாலிஷ் காம்பவுண்டும் வைத்து, ஒரு வட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். ஆறு போயின. ஏழாவது ஆழமாக இறங்கியிருந்தது. இன்னும் தேய்த்தால் அடிப்பூச்சு தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். மேலே இரண்டு முறை மெழுகு பூசினேன்.

அடுத்த கல்யாணம் பக்கத்து ஊரான பெருநகரில். நானும் வருவேன் என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். மடியில் தண்ணீர் பாட்டில், ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று. மெழுகு இருக்கிறதே என்று சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சூடேறிய பானெட்டில் சுண்ணாம்பு காய்ந்தால் மெழுகு எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நைனாவின் நிபந்தனையோடு வைத்துச் சோதிக்க நான் தயாராக இல்லை.

மாப்பிள்ளையின் அத்தை தட்டோடு வந்தார். மணமக்களுக்கு வைத்துவிட்டுக் காரின் பக்கம் திரும்பினார். நான் இறங்கி முன்னால் நின்றேன்.

"காருக்கு மேல வேணாம் அத்தே. கண்ணாடில வச்சிடுங்க."

"ஏம்மா, உங்க காரு இன்னா தாலி அறுத்தவளா?"

"சுண்ணாம்பு பெயிண்ட்டத் தின்னுடும் அத்தே."

"தெனம் வெத்தலைக்குப் போடறேன். என் நாக்கு இன்னும் கீது பாரு."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே என்னைத் தாண்டிக் கையை நீட்டி, பானெட்டின் நட்ட நடுவில் வைத்தார்.

நான் ஈரத்துணியால் துடைத்தேன்.

மேளக்காரர் ஓர் அடி தவறவிட்டார். அத்தையின் குரல் தணிந்துவிட்டது. "நல்ல காரியத்துல பொட்ட அழிக்கிறியே, உனக்கு எப்டிம்மா கல்யாணம் ஆவும்?"

துணியை அலசி இரண்டாம் முறை துடைத்தேன். காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தேன். பிறகு அவர் கையிலிருந்த தட்டில் விரலைத் தொட்டு, டிரைவர் அண்ணனின் பார்வையை மறைக்காத மூலையாகப் பார்த்து, முன்கண்ணாடியில் நானே ஒரு பொட்டு வைத்தேன்.

திரும்பும் வழியில், ஊர் நெருங்கும்போது டிரைவர் அண்ணன் கேட்டார்: "நைனாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. நீ இன்னா சொல்லப் போற?"

சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பெருநகர் பஸ் எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. நைனா ஷெட் வாசலில் நின்றார்.

"பொட்ட அழிச்சியாமே."

"தொடச்சேன் நைனா."

அவர் குனிந்து, சாய்ந்த வெயிலில் பானெட்டைப் பக்கவாட்டில் பார்த்தார். பழைய வட்டம் ஒன்றுதான் இருந்தது. விரலால் ஒருமுறை தடவினார். ஷெட் மூலையிலிருந்த மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு, அடுப்புக்கு ஆகும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என் கல்யாணம் தள்ளித்தான் போனது. அது ஏன் என்று அந்த அத்தை பெருநகர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம். சொல்லட்டும். அன்று சாயங்காலமே சுவரிலிருந்த தாளில் இன்னொரு வரி எழுதினேன்: பொட்டு கண்ணாடியில் மட்டும்.