செம்பருத்தியைப் பிடித்த விரல்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். படிப்பு பத்தாவதோடு நின்றது. பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்லவே எனக்குக் குரல் எழும்பாது. இவள் எதற்கு எழுத வந்தாள் என்று நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் பெயருக்காக எழுதுகிறேன்.

காரைக்காலில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்த ஸ்டூடியோவில், படம் கழுவும் மருந்து, காடி ஜாடியைத் திறந்ததுபோல் புளித்த நெடி அடிக்கும். செலின் அக்காவின் வீட்டுக்காரர் வெளியூர்க் கல்யாணங்களுக்குப் படம் பிடிக்கப் போய்விடுவதால், கடையில் படம் பிடித்ததும் கழுவியதும் அக்காதான். ரோலின் கடைசியில் ஒன்றிரண்டு படம் மிஞ்சினால், அதில் ஏதாவது ஒரு பூவை வெகு கிட்டத்தில் வைத்துப் பிடிப்பார். "பூவுக்கும் பாஸ்போர்ட் எடுக்குறியா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வாராம். ஆனாலும் கடையில் போட்ட பிரிண்ட் எதுவானாலும் பின்பக்கம் தன் பெயர் முத்திரையைக் குத்திவிடுவார்.

பத்தாவது பரீட்சைக்குப் படம் எடுக்க, தலையில் செம்பருத்தி வைத்துக்கொண்டு கோட்டுச்சேரியிலிருந்து போனேன். அன்று வீட்டுக்காரர் நெடுங்காட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். "காதுக்கு மேல பூ எட்டிப் பாக்குது, எடுத்துடு புள்ள" என்றார் அக்கா. என்னைப் பிடித்து முடித்ததும், கையிலிருந்த பூவைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புப் பூ கறுப்பாகிவிடுமே என்று தயங்கினேன்.

"ஆவட்டும். செவப்ப எல்லாரும் பாத்தாச்சு. இதழு எப்படி மடங்குதுன்னு யாரு பாத்தா? ஒன் மூஞ்சி கவர்மெண்டுக்கு, பூ எனக்கு."

என் முகமும் பூவும் அடுத்தடுத்து விழுந்த அந்த நெகடிவ் துண்டை வெட்டாமல், தனக்குப் பூவை மட்டும் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு, உறையில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார் அக்கா.

போன வாரம் பழைய காரைக்கால் படங்களைப் பள்ளிக்கூடமொன்றில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிய என் செம்பருத்தி, இருட்டில் விரித்த பாய்மரம்போல் நின்றது. காம்பைப் பிடித்திருந்தது மை ஒட்டிய என் கட்டைவிரல். கீழே அட்டையில் வீட்டுக்காரர் பெயர். அந்தக் காலத்திலேயே எவ்வளவு புதுமையாகப் பார்த்திருக்கிறார் என்று, பொறுப்பிலிருந்த பையன் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தான்.

அக்காவும் இல்லை, அவரும் இல்லை. சொல்ல வேறு யாரும் இல்லை. அந்தப் பையனிடம் போய்ச் சொன்னேன்.

"பின்னாடி அவரு முத்திரைதானேம்மா இருக்கு?"

"முத்திரை குத்துனதுதான் தம்பி அவரு. படம் புடிச்சது அக்கா."

ஆதாரம் கேட்டான். வீட்டுக்குப் போய், டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடி, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன். நெகடிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அவன் தன் போனில் படமெடுத்து வெள்ளையைக் கறுப்பாக மாற்றினான்: பின்னல் போட்ட நான், பக்கத்தில் அதே பூ, அதே விரல். நெடுங்காட்டுக் கல்யாணத்தைப் பற்றியும் சொன்னேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "பேரச் சொல்லுங்கம்மா" என்றான். எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. முகத்தையும் பூவையும் அவரவரே பிடித்துக்கொள்கிறார்கள்.

மறுநாள் போனேன். அட்டையில் ‘செலின்’ ‘சென்’ ஆகியிருந்தது. பேனாவால் திருத்திவிட்டு வேலைக்குப் போனேன்.