என் கேம்பர் முன்னால் போகிறது

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவிலிருந்து, படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர் வண்டியை இழுத்துக்கொண்டு வந்த எங்கள் பெட்ரோல் பிக்கப் டிரக், சியர்ரா மலை ஏற்றத்தின் பாதியில் திணறுகிறது. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறது. இன்ஜின் சூட்டை வெளியே இழுக்க, ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழு வேகத்தில் வைத்திருக்கிறேன். மாதம் ஆகஸ்ட், இங்கே உச்சக் கோடை.

"இது வெக்கேஷனா, இட்லிக் குண்டானா?" என்கிறாள் மனைவி கவிதா.

"அப்பா, ஐ ஆம் மெல்டிங்," என்கிறாள் பின்சீட்டில் மகள்.

சாலையோரம் ஒதுங்குகிறேன். பின்னால் வந்த டீசல் பிக்கப்பும் நிற்கிறது. அதை ஓட்டி வந்த வெள்ளைக்காரப் பெண்மணி இந்த மலையிலேயே குடியிருப்பவர். எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு, உச்சி வரை கேம்பரைத் தன் வண்டியில் இழுத்து வரட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்.

என் கௌரவத்தைப் பற்றி நான் யோசித்து முடிப்பதற்குள் கவிதா கேட்கிறாள்: "டஸ் யுவர் ஏசி வொர்க்?"

வேலை செய்கிறதாம்.

இன்ஜின் ஆறியதும் கேம்பரைக் கழற்றி அவர் வண்டியில் மாட்டுகிறோம். கவிதாவும் மகளும் அவர் வண்டியிலேயே ஏறிக்கொள்கிறார்கள். பாரம் இல்லாததால் என் பிக்கப் உற்சாகமாக மலை ஏறுகிறது. முள் இன்னும் முழுதாக இறங்காததால் ஹீட்டரை மட்டும் நிறுத்தவில்லை. முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவில் அவர்கள் திரும்பும்போது ஜன்னல் வழியே தெரிகிறது: மகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருக்கிறாள்.