பெரிய ஊட்டுக்குக் கொண்டுபோன பழம்

1968 டிசம்பர் இருபத்தாறு, வியாழக்கிழமை, காலை பத்தே கால் மணி. டில்லியில் நாலடிக்கு அப்பால் ஆள் முகம் தெரியாத மூடுபனி. அந்தப் பனிக்குள் ஊர்ந்துகொண்டிருந்த எங்கள் சுற்றுலா பஸ்ஸுக்குள் மட்டும் ஏற்காட்டு ஆரஞ்சின் வாசம் மூக்கைத் துளைத்தது.

வாசம் வந்தது சடையக் கவுண்டரின் மடியில் இருந்த பையிலிருந்து. அவர் செம்மநத்தம் என்ற மலைக்கிராமத்து விவசாயி. ஏற்காட்டில் கடை வைத்திருந்த என் அத்தாவுக்குப் பழம் கொடுப்பவர். சேலத்துக்காரர் ஒருவர் நடத்திய டில்லி யாத்திரைக்கு இருவரும் சேர்ந்து பணம் கட்டினார்கள். பத்து வயதான நான் அரை டிக்கெட்டில் ஒட்டிக்கொண்டேன்.

செம்மநத்தத்தில் யாரும் அடுத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டார்கள். கொண்டுபோனதைத் திருப்பி எடுத்துவருவது அதைவிட மோசம். உங்கள் உறவு வேண்டாமென்று அந்த வீடே சொல்லிவிட்டதாக அர்த்தம். கவுண்டர் குடியரசுத் தலைவரின் மாளிகையைப் பார்க்கப் போகிறார் என்று தெரிந்ததும், வீட்டுக்கு ஒரு பழமாக இருபத்தெட்டு வீட்டாரும் கொடுத்தனுப்பினார்கள். ரயிலில் காலையும் மாலையும் அவற்றை எண்ணும் பொறுப்பு எனக்கு. மூன்றாம் நாள் ஒன்று அழுகியிருந்தது. "எந்த ஊட்டுப் பழம்னு தெரியலியே சாமி" என்று கவுண்டர் அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

வழிகாட்டி கரோல்பாக்கில் வளர்ந்த தமிழ் இளைஞர். ஒவ்வோர் இடத்திலும் குடைக்காம்பால் தலைகளைச் சுட்டி எண்ணி, நாற்பத்திரண்டு வந்த பிறகே "போலாம் ரைட்" என்பார். மாளிகை வாசலில் இருபது நிமிடம் கொடுத்தார். மற்றவர்கள் இரும்புக் கம்பிகளுக்கு இடையே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, கவுண்டர் பையோடு நேராகக் காவலரிடம் போனார். காவலர் கையை அசைத்து மறுத்தார். வழிகாட்டி பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயா, இதெல்லாம் உள்ள வாங்கமாட்டாங்க. பாத்துட்டுக் கிளம்பணும்."

"உள்ள போவோணும்னு நான் சொல்லலீங்க தம்பி. ஊட்டுக்காரங்க வந்து வாங்கிக்கிட்டாப் போதும்."

பஸ்ஸிலிருந்து ஒரு மாவுமில்காரர் கூவினார்: "ஏனுங்க கவுண்டரே, பழம் வேணும்னு உங்களுக்குக் கடுதாசி வந்துச்சுங்களா?"

"வரலீங்க. வந்திருந்தா ஒரு கூடையில்ல கொண்டாந்திருப்பேன்!"

எல்லோரும் சிரித்தார்கள், கவுண்டர் மட்டும் நகரவில்லை. இருபது நிமிடம் நாற்பதானது. குதுப்மினார் போச்சு என்று பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. அத்தா இறங்கிப்போய் மெதுவாகச் சொன்னார்: "கவுண்டரே, நாமளே தின்னுட்டு, குடுத்தாச்சுன்னு ஊர்ல சொல்லிக்கலாம்."

"நீங்க சொல்லுவீங்க பாய். என்னால இருவத்தெட்டு ஊட்டு மூஞ்சியப் பாக்க முடியாதுங்க."

அதற்குமேல் வழிகாட்டி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பக்கத்துச் சிறிய வாயிலிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த ஒருவரை நிறுத்தி இந்தியில் என்னவோ விளக்கினார். உள்ளே தோட்ட வேலை செய்பவராம். அவர் கவுண்டரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சைக்கிளைச் சாய்த்து வைத்து, போர்த்தியிருந்த சால்வையை இரு கையாலும் ஏந்திப் பிடித்தார். கவுண்டர் ஒவ்வொன்றாக இருபத்தேழையும் வைத்தார். "பெரியவங்க வேலையா இருந்தா, ஊட்டுல இருக்கறவங்க கையில குடுத்தா ஆச்சு" என்று எங்களிடம் சொன்னவர், காலிப் பையைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். வந்த பையை வெறுமையாக அனுப்புவதும் அவர்கள் ஊரில் வழக்கமில்லை. தோட்டக்காரருக்கு அது எப்படிப் புரிந்ததோ, பழங்களைச் சால்வையிலேயே முடிந்து வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து இரண்டு ரொட்டிகளைப் பைக்குள் போட்டார்.

வழிகாட்டி எங்களை எண்ணினார். நாற்பத்திரண்டு. குதுப்மினாரைப் பனிக்குள் ஒரு நிழலாகத்தான் பார்த்தோம்.

அப்பளமாகக் காய்ந்துபோன அந்த ரொட்டிகள் செம்மநத்தத்தில் இருபத்தெட்டுத் துண்டுகளாயின. அழுகியது எந்த வீட்டுப் பழம் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. 'பெரிய ஊட்டு ரொட்டி' எல்லா வீட்டுக்கும் கிடைத்தது.

கவுண்டரும் அத்தாவும் போய் வெகுகாலமாயிற்று. ஆரஞ்சு மரங்களை நோய் கொண்டுபோனது; இன்று குப்பனூர்ப் பாதையில் 'ஏற்காட்டு ஆரஞ்சு' என்று கூவி விற்பதெல்லாம் லாரியில் மலையேறி வந்த பழம். கவுண்டரின் பேரன் வீட்டுக்குப் பின்னால் மட்டும் ஒரு மரம் தப்பியிருக்கிறது. போன டிசம்பரில் மகன் என்னை டில்லிச் சுற்றுலாவுக்கு அனுப்பியபோது, அதில் ஒரு பழம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்று குறைந்த ஒன்று இத்தனை வருடமாக என் கணக்கில் இடித்துக்கொண்டே இருந்தது.

அதே மாளிகை, அதே பனி. இப்போது வழிகாட்டி ஒரு சின்னப் பெண். "அங்கிள், பத்து நிமிஷம்தான்" என்றாள். தடுப்புகளைச் சுற்றி, முட்டிவலியோடு நடந்து, சாலையோரச் செடிகளை வெட்டிக்கொண்டிருந்த ஒரு தோட்டக்காரரிடம் பழத்தை நீட்டினேன். அவர் வாங்கி, அங்கேயே உரித்து, பாதியை என் கையில் வைத்தார். பதினோரு சுளையில் எனக்கு ஆறு. நல்ல புளிப்பு.

திரும்பி வந்தபோது பஸ் இல்லை. அந்தப் பெண் கைபேசியில் மணி பார்த்துப் புறப்பட்டிருக்கிறாள். தலைகளை யாரும் எண்ணவில்லை. பனியில் முக்கால் மணி நேரம் நின்று, விடுதிக்கு ஆட்டோ பிடித்தேன். முந்நூற்று நாற்பது ரூபாய்.