முடிச்சூருக்கு வந்த தீவுக்காரி

அந்தமானில் ஹட் பே என்னும் சின்னத் துறைமுக ஊரில் பிறந்து வளர்ந்தவள் ஜெயப்ரியா. அவள் அப்பா கோவளத்துக் குப்பத்திலிருந்து அங்கே போய்க் குடியேறிய மீனவர். அவளுக்குத் தீவில் பிடிக்காதது என்று எதுவும் கிடையாது. ஐந்து மணிக்கெல்லாம் வெயில் வாசலுக்கு வந்துவிடும். மழை கடல்மேல் நடந்து வருவதைப் பார்த்த பிறகு ஓடிப்போய்த் துணியை எடுத்தால் போதும். வீட்டுக்குப் பூட்டு என்று ஒன்று வாங்கியதே இல்லை.

இரண்டாயிரத்தில் தென்னந்தோப்பு வேலைக்கு வந்து சேர்ந்த பரணிக்கு அந்தத் தீவு அவளைவிடப் பிடித்துப்போனது. அடுத்த வருஷம் இருவருக்கும் கல்யாணமானது. தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுவான். "இப்படிக் குந்திக்கினு துன்னு எத்தினி வருசமாச்சு தெரியுமா?" என்பான். ஆனால் கப்பல் வரும் நாளெல்லாம் துறைக்குப் போய்க் கடைசி ஆள் இறங்கும்வரை நின்று பார்ப்பான். ஊர் ஞாபகம் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்து மூன்றில் அவன் அம்மா கங்கையம்மாளுக்குப் பக்கவாதம் வந்தது. பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. இருவரும் தாம்பரத்துக்குப் பக்கத்தில் அவன் ஊரான முடிச்சூருக்கு வந்தார்கள். திருமுடிவாக்கத்தில் இரும்புத் தகடு வெட்டும் வேலை பரணிக்குக் கிடைத்தது.

இங்கே அவன் வேறு ஆளாகிவிட்டான். கதவைப் பார்த்தபடிதான் சாப்பிட்டான். வேலைக்கு ஒரு நாள் போன வழியில் மறுநாள் போகவில்லை. ஒரு சாயங்காலம் ஜெயப்ரியா தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"யாருக்கு பயந்துகினு கீற?"

அவன் தலை நிமிராமல் சொன்னான். வயல்களை மனையாக்கி விற்கத் தொடங்கிய காலத்தில் அவன் வேதாசலம் என்பவனுடைய ஆட்களோடு சுற்றியிருக்கிறான். வரப்புத் தகராறில் அருண்ராஜ் என்பவனை அவர்கள் வெட்டிக் கொன்றார்கள். வழக்கில் பரணியின் பெயர் வரவில்லை. ஆனால் செத்தவனின் தம்பி சின்னதம்பி அவனைப் பார்த்திருந்தான்.

"நான் வெட்டல, ஜெயா. கால மட்டும்தான் புடிச்சிக்கினேன்."

இரண்டு நாள் அவள் அவனுக்குச் சோறு போடவில்லை. மூன்றாம் நாள் போட்டாள். அதற்குமேல் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. கொல்லையில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் இரண்டு பைக்குகள் வந்து நின்றன. உள்ளே பாத்திரம் உருண்டது. ஓடிப் போய்ப் பார்த்தபோது பரணி சுவரோரம் சரிந்து, இடது கையைத் தலைக்குமேல் தூக்கியிருந்தான். அந்தக் கையில் இரண்டு விரல்கள் இல்லை. இருவர் வாசலை மறித்து நிற்க, மூன்றாமவன் அரிவாளை மறுபடி ஓங்கினான். கட்டிலில் கங்கையம்மாள் வாய் திறந்தும் சத்தம் வராமல் கிடந்தாள்.

மீன் வெட்டும் கத்தி ஜெயப்ரியாவின் கையிலேயே இருந்தது. ஓங்கிய முழங்கையில் இறக்கினாள். எலும்பில் பட்டு நின்றது. பிடுங்கி மறுபடி இறக்கினாள். அரிவாள் கீழே விழுந்தது. அவன் தள்ளாடி உட்கார்ந்தான். வாசலில் நின்ற இருவரும் அவனை விட்டுவிட்டு பைக்கில் பறந்தார்கள்.

பக்கத்து வீட்டு ஞானம்மாள் ஆட்டோ கொண்டுவந்தாள். பரணியை ஏற்றியதும் ஜெயப்ரியா திரும்பிப் பார்த்தாள்.

"அவனையும் ஏத்துங்க."

"உனக்கு இன்னா பைத்தியமா?"

"செத்துடுவான்க்கா. ஏத்துங்க."

இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஆளுக்கொரு புடவைத் துண்டை வைத்து அழுத்திக்கொண்டே போனாள். தாம்பரம் தாண்டும்போது வெட்ட வந்தவன் கண்ணைத் திறந்தான். அவன்தான் சின்னதம்பி.

"எங்கண்ணன் காலப் புடிச்சிக்கினு இருந்தான் உன் புருசன். தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்றாள்.

பரணி வெளியே பார்த்துக்கொண்டு அழுதான்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஒரே வார்டு, நடுவில் மூன்று கட்டில்கள்தான். சின்னதம்பியின் மனைவி புஷ்பலதா நான்கு நாள் இவளை முறைத்தபடியே இருந்தாள். ஐந்தாம் நாள் வெந்நீர் பிடிக்கும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எந்த ஊரு நீ?"

"அந்தமான்."

"அங்க இன்னா கீது?"

ஜெயப்ரியா சொல்லத் தொடங்கினாள். காலை எடுத்து வைத்தால் முழங்கால் தண்ணீரிலேயே மீன் ஓடுவதை, இன்னார் மகள் என்று விசாரிக்காமல் யார் வீட்டிலும் சாப்பிடக் கூப்பிடுவதை. பாதியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புஷ்பலதா அவள் சொம்பை வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

போலீஸ் வந்தபோது மெஷினில் கை மாட்டியது என்றான் சின்னதம்பி. தகடு வெட்டியது என்றான் பரணி. எழுதிக்கொண்ட ஏட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வீடு திரும்பியதும், தீவுக்கே போய்விடலாம் என்றான் பரணி.

"ஓடினா தேடிக்கினுதான் வருவாங்க. நீ இங்க கீறன்னு அவங்களுக்குத் தெரியட்டும்" என்று அவள் மறுத்துவிட்டாள்.

சின்னதம்பி அதற்குப் பிறகு வரவில்லை. சாலையோரம் ஜெயப்ரியா மீன் கடை போட்டாள். எடை போடுவது அவள். வெட்டிக் கொடுப்பது ஞானம்மாள். ஏன் நீயே வெட்டுவதில்லை என்று கேட்பவர்களுக்கு, கை வலிக்கிறது என்று மட்டும் சொல்வாள்.