ரஜாவும் ராசாவும்

மழைக்காகப் பள்ளிக்கூடத்தை மூட அந்த நாட்களில் தலைமையாசிரியருக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் மூடிய ஒவ்வொரு நாளுக்கும் மேலே காரணம் எழுதி அனுப்ப வேண்டும். ஈடாக ஒரு சனிக்கிழமை நடத்தவும் வேண்டும். ஆகையால் வானத்தைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. ஆற்றில் துணி துவைக்கும் கல் ஒன்று இருந்தது. மாலையில் அது தண்ணீருக்கு மேலே தெரிந்தால் மறுநாள் பள்ளிக்கூடம் உண்டு. முழுகிவிட்டால் இல்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் அக்கரையிலிருந்து ஆற்றில் இறங்கி வருகிறவர்கள்.

நானும் அக்கரைக்காரன்தான். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துப் படித்தவன். உதவி ஆசிரியராகச் சேர்ந்த பிறகு மழை மாதங்களில் இக்கரையில், பள்ளிக்கூடத்திலேயே படுத்துக்கொள்வேன். கல்லைப் பார்த்து வந்து சொல்வதும், முடிவை அக்கரைக்குக் கூவுவதும் என் வேலை. அங்கே நின்று கேட்டு, வீடு வீடாகச் சொல்கிறவர் என் அப்பா.

அந்த ஐப்பசியில் புதிதாக வந்திருந்த தலைமையாசிரியர் ஓசூருக்கும் அப்பால், கன்னடம் பேசும் ஊர்க்காரர்.

"கல்லு முழுகிடுச்சுங்க" என்றேன்.

"அப்போ நாளைக்கு ரஜா. சொல்லிட்டு வாங்க."

அதுவரை நான் லீவு என்றுதான் கூவி வந்தேன். லீவுக்கு அவர் சொன்ன ரஜா ஏதோ தாலுகா கச்சேரிச் சொல்லைப்போல் கனமாக இருந்தது. தலைமையாசிரியர் சொன்னதை மாற்றாமல் சொல்வதுதான் முறை என்றும் பட்டது. கரையில் நின்று, "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ரஜா" என்று இரண்டு தரம் கூவினேன்.

அப்பா காதருகே கையை வைத்தார். ஆற்றின் இரைச்சலில் அவர் கேட்டது அரைகுறையாக விழுந்தது. அதே சொல்லைத்தான் திருப்பிக் கேட்கிறார் என்று நினைத்து, "ஆமாப்பா" என்றேன்.

அதற்கு முந்தின வருஷம்தான் சர்க்கார் உத்தரவுப்படி வெள்ளைக்கார ராஜா படத்துக்கு மாலை போட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்திருந்தோம்.

காலையில் தலைமையாசிரியர் மூடியதற்கான காரணத்தை எழுதிக்கொண்டிருந்தார். ஆற்றுப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டு நான் ஓடினேன். தண்ணீர் வடியவில்லை. கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை வடத்தை இரு கரை மரங்களிலும் கட்டி, அதைப் பிடித்தபடி ஆண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் எண்ணெய் தடவி வாரிய தலையோடு ஒரு பிள்ளை. சிலேட்டுப் பலகை ஒருவர் கையிலும் இல்லை. பாதி ஆற்றில் திரும்பச் சொல்வது இன்னும் ஆபத்து. நான் கூவாமல் எண்ணிக்கொண்டு நின்றேன். கடைசியில் வந்தவர் அப்பா. தோளில் ஒரு சிறுமி. கல் இருந்த இடத்துக்கு அருகே அவர் கால் வழுக்கி, மார்பளவு அமிழ்ந்தார். சிறுமி அவர் தலைமயிரைப் பற்றிக்கொண்டாள். வடம் வில்லாக வளைந்தது. பிறகு எழுந்தார். இருபத்து மூன்று பிள்ளைகளும் கரையேறிவிட்டார்கள்.

"ராசா எப்பப்பா வர்றாரு?" என்றார் அப்பா, வேட்டியைப் பிழிந்தபடி.

"ராசா இல்லப்பா. ரஜா. லீவு."

"லீவு சொல்ல எதுக்குங்க வாத்தியாரே ராசாவ இழுத்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிறுமியின் தகப்பன் சிரிக்கவில்லை.

அப்பா அவரிடம்தான் சொன்னார்: "வேற எவனாச்சும் கூவியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். படிச்சவன் சொல்றானேன்னு வந்தேன்."

தலைமையாசிரியர் வந்து எல்லாரையும் பார்த்தார். எழுதிய காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இத்தனை பேர் வந்தப்புறம் ரஜா ஏது?" என்று வருகைப் பதிவை எடுத்துவரச் சொன்னார். அந்த மாதத்தில் அத்தனை பேர் வந்த நாள் வேறில்லை. யார் தவறு என்று அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். தலையை ஆட்டினார்.

சாயங்காலம் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிய பிறகே பிள்ளைகளை அனுப்பினோம். ஒவ்வொரு தலையாக மறுபடி எண்ணினேன். கல்லின் மேற்பக்கம் வெளியே தெரிந்தது. அக்கரை சேர்ந்த அப்பா வழக்கமான இடத்தில் வந்து நின்றார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டுப்பா" என்று கூவினேன்.

"யார்ரா வர்றாங்க?"

"யாரும் வரலப்பா. நான் மட்டுந்தான் இருப்பேன்."

அதை அவர் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.