ஏழாம் நம்பர் முதுகுகள்

முத்தாபுதுப்பேட்டை மைதானத்தை விட்டு ஆவடி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். கழுத்தில் கேமரா, தோளில் பை, பைக்குள் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். காலையில் கிரிக்கெட் டீம் கேப்டனுடைய காரில் ஏசி போட்டுக்கொண்டு போன அதே ரோடுதான். பின்னால் இன்னும் சத்தம் கேட்டது. விளையாட்டுச் சத்தம் இல்லை, சண்டைச் சத்தம். சண்டைக்குக் காரணம் நான் எடுத்த படம்.

நடப்பது எனக்குப் புதிதில்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதன் பிறகு லாரியில் கிளீனர், திருப்பூரில் பனியன் மடிக்கிற வேலை, பெங்களூரில் ஓட்டல், கடைசியில் ஆவடி. இங்கே வந்த புதிதில் பஸ் ஸ்டாண்டில் எட்டு நாள் படுத்திருந்தேன். ஒரு வேளை சாப்பாடு பழகிவிட்டது, கொசு மட்டும் கடைசிவரை பழகவில்லை. எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. யாரும் விரட்டியதில்லை, ஒருநாள் காலையில் கால் தானாகக் கிளம்பிவிடும். இந்த மைதானத்திலிருந்துதான் முதல்முறையாக, போக மனசே இல்லாமல் போனேன்.

கேமரா வந்த கதை சின்னது. பூந்தமல்லியில் ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் லைட் பிடிக்கிற வேலை பார்த்தேன். அவர் புதிது வாங்கியபோது பழைய கேமராவையும் ஒரு நீள லென்சையும் நான் வாங்கிக்கொண்டேன். கல்யாணத்தில் எல்லோரும் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். எனக்கு அது கொட்டாவி வரவழைக்கும். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் யாரும் நிற்பதில்லை. அம்பத்தூர், ஆவடிப் பக்கம் காலி மனை கிடைத்தால் போதும், டென்னிஸ் பந்தும் மூன்று ஸ்டம்புமாக வந்துவிடுவார்கள். நானும் போய்விடுவேன். எடுத்ததைக் காட்டுவேன், பிடித்தால் வாங்குவார்கள். அவுட் ஆன படத்தை ஆடியவர் வாங்க மாட்டார், பந்து போட்டவர் வாங்குவார். கேட்ச் விட்ட படத்தை விட்டவர் வாங்க மாட்டார், அவருடைய நண்பர்கள் நாலு பேர் வாங்குவார்கள்.

இரண்டு மாதம் இப்படி ஓட்டிய பிறகு முதல்முறையாக ஒருவர் முன்கூட்டியே கூப்பிட்டார். கள்ளிக்குப்பம் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் டீமுக்குக் கேப்டன். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. "படம் நல்லா வந்துச்சுன்னா வாராவாரம் நீங்களே வாங்க. இந்தப் பக்கம் பன்னெண்டு டீம் இருக்குதுங்க, எல்லாத்துகிட்டயும் நானே பேசறேன்" என்றார்.

அதே வாரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆள் பிடித்துக் கொடுக்கிற காண்டிராக்டரும் கூப்பிட்டார். அவர் வேலைக்கு அனுப்பி இரண்டு முறை பாதியில் ஓடி வந்தவன் நான்.

"இன்னா நைனா, திங்கக்கெயம காலைல எட்டு மணிக்கு கம்பெனி கேட்டாண்ட நில்லு. பேக்கிங் செக்ஷன். ஞாயித்துக்கெயமயும் டூட்டி கீது. இதோட மூணாவது தபா உன்ன சேத்துக்கிறேன், நாலாவது தபா கெடையாது."

ஞாயிறும் டூட்டி என்றால் கேமராவைத் துணி சுற்றிப் பரண்மேல் வைக்கவேண்டியதுதான். பன்னிரண்டு டீம் கிடைத்தால் கேட்டுக்குப் போகவேண்டாம். கிடைக்காவிட்டால் போகவேண்டும். வேறு வழி எதுவும் எனக்கு இல்லை.

முத்தாபுதுப்பேட்டை மைதானத்தில் ஒரு பக்கமிருந்துதான் பந்து போடுவார்கள். ஒரு முனையில் மூன்று ஸ்டம்ப், எதிர்முனையில் ஒரு செங்கல். ஓவர் முடிந்தால் ஆடுபவர்கள்தான் இடம் மாறிக்கொள்வார்கள். நேரம் மிச்சம். ஓரத்தில் வேலிகாத்தான் முள்மரங்கள் வரிசையாக நின்றன. நிழல் அங்கே மட்டும்தான் இருந்தது, நானும் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். டென்னிஸ் பந்தில் எல்லோரும் ஒரே பக்கம்தான் சுற்றுவார்கள், எனக்கு எதிர்ப்பக்கம். சுற்றி முடிக்கும்போது முதுகு பளிச்சென்று என் பக்கம் திரும்பும். நானும் அழகழகாக முதுகுகளை எடுத்துத் தள்ளினேன். கவலைப்படவில்லை. முதுகில்தான் நம்பர் இருக்கிறதே!

யார் என்ன நம்பர் என்று எழுதிக்கொள்ள ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு நோட்டைச் சுற்றிவிட்டிருந்தேன். அவரவர் சட்டை நம்பரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார்கள். டீ இடைவேளையில் கேமரா கார்டைப் போனில் போட்டுப் படங்களை அனுப்பலாம் என்று நோட்டைத் திறந்தால், ஏழாம் நம்பர் ஐந்து இடத்தில் இருந்தது.

கேப்டனிடம் கேட்டேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "சட்டைக்கு ஆர்டர் கொடுக்கறப்ப அஞ்சு பேரு ஏழுதான் வேணும்னாங்க. ஒருத்தரும் விட்டுக்கொடுக்கலை. பேரு போடறதுக்குக் கடைக்காரன் தனிக் காசு கேட்டான், அதையும் விட்டுட்டோம். ஸ்கோர் எழுதறப்ப குண்டு ஏழு, நெட்டை ஏழுன்னு எழுதிக்குவோங்க."

எதிர் டீம் உள்ளூர்ப் பையன்கள். அவர்கள் பக்கத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவர்தான் அம்பயர். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "இன்னா மாமே, ஒரே ஊட்ல அஞ்சு மூத்த புள்ளையா!" என்றார்.

நான் செய்த தப்பு அப்போதுதான். அவரவர் படம் அவரவருக்குத் தெரியாதா என்று நினைத்து, ஏழாம் நம்பர் படங்கள் அத்தனையையும் ஐந்து பேருக்கும் அனுப்பிவிட்டேன். அதில் ஒரு படம் நிஜமாகவே நன்றாக வந்திருந்தது. மட்டை தோளைத் தாண்டிப் போயிருக்கிறது, பந்து கரண்ட் கம்பிக்கு மேலே தெரிகிறது, நடுவில் பெரிய ஏழு.

தன் முதுகை யாரும் பார்த்ததில்லை என்பது எனக்கு அன்றுவரை தோன்றவில்லை.

ஐந்து நிமிடத்தில் ஒரு ஏழு அந்தப் படத்தைத் தன் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார், 'இன்று காலை என் சிக்ஸர்' என்று. அதைப் பார்த்த இன்னொரு ஏழு டீ கிளாசோடு எழுந்தார். மதுரைக்காரர்.

"யோவ், அது என் சிக்ஸுய்யா!"

"நான் சுத்துனது எனக்குத் தெரியாதா?" என்றார் ஸ்டேட்டஸ் வைத்தவர். சேலத்துக்காரர், கொஞ்சம் பூசின உடம்பு.

"சுத்துன. பந்து எங்க போச்சு? கீப்பர் கையில போச்சு."

"அண்ணாத்தே, அம்பயரு நான் கீறேன்" என்று ஆட்டோக்காரர் நடுவில் வந்தார். "இவரு சுத்துனது நெசம். காத்து நல்லா வந்துச்சி. பந்து மட்டும் படல."

உள்ளூர் டீம் மொத்தமும் சிரித்துவிட்டது. சேலத்துக்காரர் முகம் சுருங்கிவிட்டது. மற்ற ஏழுகளும் எந்த முதுகு யாருடையது என்று தெரியாமல் ஆளுக்கொன்றாகப் பேச, கடைசியில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கேப்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க இப்பக் கெளம்புங்க. இருந்தீங்கன்னா மேட்ச் நடக்காதுங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆவடி தாண்டி அண்ணனூர் ஸ்டேஷனுக்கு வந்தபோது மதியம் ஆகிவிட்டது. நான் தங்கியிருக்கும் அறை அதற்குப் பக்கம்தான், ஆனால் அறையில் மின்விசிறி ஓடாது. பிளாட்பாரத்தில் ஓடும். காலி ரயில்கள் ஷெட்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொளதொள சட்டைக்குள் குண்டும் நெட்டையும் ஒன்று, நம்பர் ஒன்று, தொப்பி ஒன்று. பெரிதாக்கிக்கொண்டே கீழே இறங்கினால் ஷூ வந்தது.

ஆரஞ்சு ஷூ. அடுத்த படத்தில் கிளிப்பச்சை. அதற்கடுத்து வெள்ளை, நீலம். ஒருவர் ஆபீஸ் போகிற கறுப்பு ஷூவிலேயே ஆடியிருக்கிறார். சட்டையை மொத்தமாக ஆர்டர் செய்தவர்கள் ஷூவை அவரவர் காசில் வாங்கியிருக்கிறார்கள்!

ஐந்து பேருக்கும் ஒரே செய்தி அனுப்பினேன்: 'அண்ணே, உங்க ஷூ என்ன கலர்?'

ஒருவர் 'எதுக்கு, ஷூ விக்கறீங்களா?' என்று கேட்டுவிட்டு நீலம் என்றார். ஒருவர் காருக்குள்ளிருந்து தன் காலைப் படம் எடுத்தே அனுப்பிவிட்டார், வெள்ளை. மதுரைக்காரர் 'ஆரஞ்சு! ஆரஞ்சு! இப்பப் பாரு!' என்று எழுதினார். கறுப்பு ஷூக்காரர் வெறும் ஒரு கட்டைவிரல் எமோஜியை அனுப்பினார், அதை நானே புரிந்துகொண்டேன். ஒரு மணி நேரம் கழித்துச் சேலத்துக்காரர் எழுதினார்: 'பச்சை. எனக்குத் தெரியும், சிக்ஸ் ஆரஞ்சுதான்.'

பிரித்து அனுப்பினேன். நான்கு பேர் உடனே பணம் போட்டுவிட்டார்கள். கேப்டனும் பேசினார். குரலில் பழைய சிரிப்பு வந்திருந்தது. "ஷூவை வெச்சுக் கண்டுபிடிச்சீங்க பாருங்க, பயங்கரம். ஆனா முதுகை பிரேம் போட்டு ஹால்ல மாட்ட முடியுங்களா? மத்த டீமுக்குக் காட்டறதுக்கு முகம் தெரியற மாதிரி ஒரு சிக்ஸர் இருந்தா அனுப்புங்க. பேசறேன்."

கார்டில் இருந்த அத்தனையையும் மறுபடி பார்த்தேன். முகத்தோடு ஒரு சிக்ஸர்கூட இல்லை. அடுத்த மேட்ச் அடுத்த ஞாயிறு. அப்போது நான் பேக்கிங் செக்ஷனில் இருப்பேன். காண்டிராக்டருக்கு போன் போட்டு, காலையில் வருகிறேன் என்றேன். "பொயச்சிக்கோ" என்றார்.

சாயங்காலம் சேலத்துக்காரர் கூப்பிட்டார்.

"தம்பி, தப்பு என் மேலதான். என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்குது. அந்தப் படத்தைப் பார்த்துட்டு பிளாட் முழுக்க அப்பா சிக்ஸர் அடிச்சாருன்னு சொல்லிட்டு வந்துருச்சு. இப்ப இல்லம்மான்னு சொல்ல வாய் வரலை. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு கிரவுண்டுக்கு வர முடியுமா? அடிச்சுடறேன்."

"பந்து யாருண்ணே போடுவாங்க?"

"ஆரஞ்சுதான். பேசிட்டேன். சிரிச்சான், ஆனா வர்றேன்னுட்டான்."

ஏழு மணிக்குக் கிளம்பினால் எட்டுக்குள் கேட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, சரி என்றேன்.

மறுநாள் காலை மதுரைக்காரர் பைக்கில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். மைதானத்தில் நாங்கள் மூன்று பேரும் இரண்டு மாடுகளும்தான். நிழல் அதே வேலிகாத்தான் அடியில்தான் இருந்தது. அங்கே போய் உட்காரப் போனவன், திரும்பி வந்து ஸ்டம்புகளைப் பிடுங்கினேன்.

"என்ன பண்ற?" என்றார் சேலத்துக்காரர்.

ஸ்டம்பைச் செங்கல் இருந்த முனையில் நட்டேன். செங்கலை இந்த முனைக்குக் கொண்டுவந்தேன். "இப்ப அங்கேந்து ஆடுங்கண்ணே. நீங்க சுத்துனா என் பக்கம்தான் திரும்புவீங்க."

"அப்ப பந்தும் உன் பக்கம்தான வரும்?"

"வந்தா சந்தோஷம்" என்றேன்.

வரவில்லை. முதல் பத்துப் பந்து கீப்பர் இல்லாததால் பின்னால் ஓடியது, மூன்று பேரும் மாறி மாறி ஓடிப் பொறுக்கினோம். பிறகு மட்டையில் பட்டது, தரையோடு உருண்டது. மதுரைக்காரர் ஒவ்வொரு பந்தையும் முந்தையதைவிட மெதுவாகப் போட்டார். "இதைவிட மெதுவாப் போடணும்னா நான் நடந்து வந்து கையில குடுக்கணும்ணே" என்றார். ஏழு மணி ஆனது. நான் எழுந்திருக்கவில்லை. ஏழே கால். சேலத்துக்காரர் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்து, "உனக்கு வேற வேலை இருந்தாப் போப்பா" என்றார்.

"அடிங்கண்ணே" என்றேன்.

எட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பந்து குதித்து அவர் இடுப்பு உயரத்துக்கு வந்தது. சுற்றினார். சத்தமே வேறு மாதிரி வந்தது. லென்ஸுக்குள் பந்து பெரிதாகிக்கொண்டே வந்தது, அதன் பின்னால் அவர் முகம். விரலை எடுக்காமல் அழுத்தினேன். பந்து என் தலைக்கு மேலே போய் முள்ளுக்குள் விழுந்தது.

மூன்று பேரும் திரையில் குனிந்து பார்த்தோம். வாய் முழுக்கத் திறந்திருக்கிறது, கன்னம் ஒருபக்கம் கோணியிருக்கிறது, கண் இறுக்க மூடியிருக்கிறது.

"கண்ண மூடிக்கினு அட்ச்சிருக்கீங்கண்ணே" என்றேன்.

"மூஞ்சி என்னுதுதானே?"

"உங்களுதுதான்."

"அனுப்பு" என்றார்.

அவருக்கு ஒன்றும் கேப்டனுக்கு ஒன்றுமாக அனுப்பினேன். கேப்டனிடமிருந்து உடனே பதில் வந்தது: 'இதுதாங்க வேணும். சாயந்திரம் எல்லாத்துகிட்டயும் பேசிடறேன்.' அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"டேய், மணி எட்டாச்சி. எங்க கீற?" என்றார் காண்டிராக்டர்.

"வேலைல கீறேண்ணா."

"இன்னா வேல?"

சொல்வதற்குள் மதுரைக்காரர் முள்ளுக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்து, உஸ் உஸ் என்று விரலை உதறிக்கொண்டு வந்தார். பந்தைச் சேலத்துக்காரர் கையில் கொடுத்துவிட்டு மட்டையை வாங்கிக்கொண்டார்.

"எனக்கும் மூஞ்சியோட ஒண்ணு எடுப்பா. ஒன்பது மணிக்கு ஆபீஸ் மீட்டிங் இருக்கு, சீக்கிரம்."

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மறுபடி நிழலில் போய் உட்கார்ந்தேன்.